கோலாலம்பூரில் நல்ல பர்கர்க் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காக ஊரிலிருந்து வருகிறவர்கள், படிக்க வருகிற பிள்ளைகள், ஈப்போ, பினாங்கிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் என யாராக இருந்தாலும் பர்கர் விஷயத்தில் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பெரும்பாலும் சாலையோர ஒட்டுக்கடையைப் பற்றித்தான் பேச்சு, ஏனென்றால் இந்த ஊரின் பர்கர் அங்கேதான் இருக்கிறது.

“கே.எல்.ல நல்ல பர்கர் எங்க கிடைக்கும்? சுத்தி வளைக்காம ஒரு கடை பேர் சொல்லுங்க.”

சொல்லிவிடலாம், ஆனால் உங்களுக்குப் பயன்படாது. நீங்கள் செராஸில் இருப்பீர்கள், நான் சொல்லும் கடை செத்தாப்பாக்கில் இருக்கும். மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், ஆறேழு ரிங்கிட் பர்கரை நின்றுகொண்டே தின்றுவிட்டுத் திரும்புவதில் என்ன இருக்கிறது? அதுவும் போக, ஒட்டுக்கடைகளில் பாதிக்குப் பெயரே கிடையாது. “கிளினிக் பக்கத்து பர்கர்”, “சிவப்புக் குடை” என்றுதான் அக்கம்பக்கத்தில் அடையாளம் சொல்வார்கள்.

அதனால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், நடந்தோ மோட்டாரிலோ பத்து நிமிடத்தில் போகக்கூடிய தூரத்துக்குள் தேடுங்கள். இந்த ஊரில் அந்த வட்டத்துக்குள் மூன்று நான்கு கடைகளாவது இருக்கும். அவற்றில் எது தேறும் என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

“சரி, எங்கன்னு போய்த் தேடறது? பகல்ல ஒண்ணும் கண்ணுல படலையே.”

பகலில் படாது. சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குத்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து குடையை விரிப்பார்கள். செவன் இலெவன் வாசல், கடைவரிசையின் மூலை, பெட்ரோல் நிலையத்துக்கு எதிர்ப்புறம், மாமாக் கடையை (இந்திய முஸ்லிம் உணவகம்) ஒட்டிய நடைபாதை, அடுக்குமாடிக் குடியிருப்பின் நுழைவாயில் ஆகிய இடங்களை இருட்டிய பிறகு ஒரு சுற்று பாருங்கள்.

இரவுச் சந்தையிலும் பர்கர் விற்பார்கள். ஆனால் அங்கே நெரிசலைச் சமாளிக்க இறைச்சியை முன்கூட்டியே பாதி வேகவைத்து அடுக்கியிருப்பது வழக்கம். வாரம் ஒருநாள் வந்து போகிற கடையைவிட, தினமும் ஒரே மூலையில் நிற்கிற கடையையே நான் நம்புவேன். அங்கே நாளைக்கும் அதே ஆட்கள் முகத்தில் விழிக்க வேண்டும் அல்லவா!

“எங்க பார்த்தாலும் ரம்லி பர்கர்னு போட்டிருக்கு. அது ஒரே முதலாளியோட கடைங்களா?”

இல்லை. ரம்லி என்பது உறையவைத்த இறைச்சி விற்கும் மலேசிய நிறுவனம். ரம்லி மொக்னி என்பவர் தம் மனைவியோடு சேர்ந்து 1979-இல் சிறிய அளவில் தொடங்கியது. அதற்கு முன்பே ஏ அண்ட் டபிள்யூ என்ற அமெரிக்கத் துரித உணவு நிறுவனம் 1963-இல் இங்கே கடை போட்டுவிட்டது. மெக்டொனால்ட்ஸ் 1982-இல்தான் புக்கிட் பிந்தாங்கில் முதல் கடையைத் திறந்தது. முஸ்லிம்கள் மனச்சந்தேகம் இல்லாமல் சாப்பிடக்கூடிய, உள்ளூரில் செய்த ஹலால் பர்கர் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் ரம்லி.

சிறு முதல் வைத்திருப்பவர்கள் ஒரு வண்டியும் கேஸ் அடுப்பும் வாங்கிப் போட்டு, அந்த நிறுவனத்தின் பேட்டீஸை வாங்கிச் சுட்டு விற்கத் தொடங்கினார்கள். பேட்டீஸ் என்று நான் சொல்வது, பன்னுக்கு நடுவில் வைக்கிற வட்டமான இறைச்சியை. காலப்போக்கில் சாலையோர பர்கருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது வேறு நிறுவனத்தின் பேட்டீஸைப் போடுகிற கடையைக்கூடப் பலர் ரம்லி என்றுதான் சொல்கிறார்கள். கடைகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆளுடையவை.

“எல்லாரும் அதே பாக்கெட்டைத்தானே வாங்கிச் சுடறாங்க? அப்ப எல்லாக் கடையும் ஒண்ணுதானே?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்வேன். தே தாரிக்குக்கு எல்லாக் கடையிலும் அதே தேயிலைத் தூளும் அதே டின் பாலும்தான், ஆனாலும் நமக்கென்று ஒரு கடை இருக்கிறது இல்லையா? இங்கேயும் பாக்கெட் ஒன்று, கை வேறு.

தோசைக்கல் மாதிரியான அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று ஒருமுறை முழுதாகப் பாருங்கள். உறைந்து கிடக்கும் பேட்டீஸைப் போட்டு, பக்கத்தில் ஒரு கரண்டி மார்ஜரினை உருக விடுவார். ஒரு பக்கம் சிவந்ததும் தோசைத் திருப்பியின் ஓரத்தால் அதைக் குறுக்கே பாதிவரை அரிந்து, விரித்துப் போடுவார். உள்பக்கமும் கல்லில் படும், சீக்கிரம் வேகும். அதன்மேல் மேகி சீசனிங் சில சொட்டு, வூஸ்டர் சாஸ், மிளகுத்தூள். அப்புறம் முட்டை. கல்லின் காலியான ஓரத்தில் உடைத்து ஊற்றி, மஞ்சள் கருவைத் திருப்பி முனையால் கலைத்து, மெல்லிசாக இழுத்துவிடுவார். ஓரம் வெந்து நடுப்பகுதி இன்னும் நெகிழ்ந்திருக்கும் சில விநாடிகளுக்குள் இறைச்சியைத் தூக்கி நடுவில் வைத்து நான்கு பக்கமும் மடித்தாக வேண்டும். முந்தினால் கிழியும், பிந்தினால் முட்டை ரப்பராகிவிடும்.

கைதேர்ந்தவர் இந்த நேரத்தைக் கணக்குப் போடுவதே தெரியாது, பேசிக்கொண்டே செய்வார். அவசரக்காரர் முட்டையைத் தனியாக ஆம்லெட் போட்டு மேலே வைத்துவிடுவார். சுவை அங்கேயே பாதி போய்விடும், ஏனென்றால் முட்டைக்குள் அடைபட்ட அந்தச் சாறும் சாஸும்தான் இந்த பர்கரின் உயிர். மற்றபடி இதில் இருப்பது சாதாரண உறைபனி இறைச்சிதான்.

“காசு கொடுக்கறதுக்கு முன்னாடியே நல்ல கடைன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?”

முதலில் பன்னைப் பாருங்கள். நல்ல கடையில் பன்னின் உள்பக்கத்தை மார்ஜரினில் லேசாகச் சிவக்க வாட்டுவார்கள். அப்படி வாட்டினால்தான் சாஸ் ஊறி பன் பிய்ந்து போகாது. பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து நேராக அடுக்குகிற கடையில் நிற்காதீர்கள்.

அடுத்து கல். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கரியைச் சுரண்டி ஓரத்துக்குத் தள்ளுகிறாரா? தள்ளாவிட்டால் உங்கள் முட்டையில் கறுப்புப் புள்ளி புள்ளியாக ஒட்டி, கசக்கும். முட்டைக்கோசும் வெள்ளரியும் அன்றைக்கு நறுக்கியதாக இருக்க வேண்டும். முட்டைக்கோசின் ஓரம் பழுப்பேறியிருந்தால் அது நேற்றைய மிச்சம்.

நான் இன்னொன்றையும் பார்ப்பேன். நாலைந்து பேர் வரிசையாகச் சொன்னதை எழுதி வைக்காமலே, யாருக்கு மயோனைஸ் வேண்டாம், யாருக்குக் காரம் குறைவு என்று அவர் சரியாகக் கொடுக்கிறாரா? கொடுத்தால் அந்த ஆள் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அங்கே தயங்காமல் வாங்கலாம்.

“கூட்டம் நின்னா நல்ல கடைதானே? எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?”

எல்ஆர்டி ரயில் நிலையத்து வாசலில் இருக்கிற கடைக்கு எப்போதும் கூட்டம் இருக்கும், பர்கர் எப்படி இருந்தாலும். உணவு விநியோகம் செய்யும் பையன்கள் பத்துப் பேர் நிற்பதும் கூட்டம்தான், ஆனால் அவர்கள் யாரும் சாப்பிடப் போவதில்லை.

ஜப்பான் செருப்பும் அரைக்கால் சட்டையுமாக, வீட்டிலிருந்து அப்படியே இறங்கி வந்தவர்கள் நிற்கிறார்களா என்று பாருங்கள். அவர்கள் தினம் அந்த வழியில் நடப்பவர்கள், மற்ற கடைகளையும் தின்று பார்த்தவர்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அப்பா நின்றால் இன்னும் நல்லது.

“கூகுள்ல 4.8 போட்டிருக்கு, நம்பலாமா?”

ஒட்டுக்கடைக்கு அந்த எண் பெரிதாக உதவாது. நல்ல கடைகள் பல வரைபடத்திலேயே இருக்காது. இருப்பவற்றில் எண்ணை விட்டுவிட்டுப் படங்களைத் தேதிவாரியாகப் பாருங்கள். கடைசியாகப் போட்ட படம் ஒரு வருடம் பழையது என்றால் கடை இடம் மாறியிருக்கலாம், கை மாறியிருக்கலாம். ஆட்கள் அழகாகப் படம் எடுத்துப் போடுகிற பர்கர் பெரும்பாலும் உயரமானது. உயரமான பர்கர் வாய்க்குள் போகாது என்பது என் நெடுநாள் புகார்.

“எப்படிச் சொல்லி வாங்கறது? எனக்கு மலாய் அவ்வளவா வராது.”

நாலு சொல் போதும். கடைக்காரரை “பாங்” என்று கூப்பிடுங்கள், பெண்ணாக இருந்தால் “காக்”. பலகையில் “அயாம்” என்றால் கோழி, “டாகிங்” என்று வெறுமனே எழுதியிருந்தால் மாட்டிறைச்சி. “பியாசா” சாதாரணம், “ஸ்பெஷல்” முட்டையில் மடித்தது, “டபுள்” இரண்டு பேட்டீஸ். “ஓப்லோங்” என்பது நீளமான பன்னில் நீளமான இறைச்சி. சில கடைகளில் ஆடு, மான், முயல்கூட எழுதியிருப்பார்கள்.

“பாங், அயாம் ஸ்பெஷல் சத்து, பூங்குஸ்” என்றால் முட்டை போட்ட கோழி பர்கர் ஒன்று, கட்டிக் கொடுங்கள் என்று அர்த்தம். காரம் குறைக்க “கூராங் பெடாஸ்”. மயோனைஸ் வேண்டாமென்றால் “தக் மாவ் மயோ”. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பன்னில் பிழிந்த பிறகு சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே உங்களுக்கு அதையே கொடுப்பார்.

“முதல் தடவை போறேன். சாதாவா, ஸ்பெஷலா, டபுள் ஸ்பெஷலா?”

ஒற்றை ஸ்பெஷல். முட்டை மடிப்பதில்தான் ஆளின் கைத்திறன் தெரியும் என்று மேலே சொன்னேன், அதைச் சோதிக்க வேண்டுமென்றால் ஸ்பெஷல்தான் வாங்க வேண்டும். டபுளில் இறைச்சி கூடுகிறதே தவிர ருசி கூடுவதில்லை, உப்புதான் ஏறுகிறது. சீஸ் வேண்டுமானால் அடுத்த முறை பார்க்கலாம். மட்டமான சமையலை மறைப்பதற்கு சீஸைப் போல வசதியான பொருள் வேறில்லை.

“நாங்க மாட்டிறைச்சி தொடமாட்டோம். கோழி பர்கரும் அதே கல்லுலதானே போடறாங்க? சாப்பிடலாமா?”

உண்மையைச் சொன்னால், பெரும்பாலான ஒட்டுக்கடைகளில் ஒரே கல், ஒரே திருப்பிதான். சிலர் கல்லின் இடப்பக்கம் கோழி, வலப்பக்கம் மாடு என்று பிரித்துக்கொள்வார்கள். ஆனால் கூட்டம் ஏறினால் எல்லை அழிந்துவிடும். மாடு சாப்பிடாமல் இருந்தால் போதும், கல்லைப் பற்றிக் கவலையில்லை என்கிற வீடுகள் நம்மில் நிறைய உண்டு. அவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. கல்லும் கூடாது என்கிறவர்களுக்குச் சில வழிகள் இருக்கின்றன.

கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுங்கள், கல் அப்போதுதான் காய்ந்துகொண்டிருக்கும். கூட்டமில்லாத நேரத்தில், “பாங், சாயா தக் மாக்கான் டாகிங்” என்று சொல்லி, கல்லைச் சுரண்டிவிட்டு வேறு திருப்பியால் போடச் சொல்லலாம். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மாடு சாப்பிடாதவர்கள் இந்துக்கள் மட்டும் இல்லை, குவான் யின் அம்மனைக் கும்பிடுகிற சீனர்களில் பலரும் தொட மாட்டார்கள். கடைக்காரர்களுக்கு இது பழகிய விஷயம்தான். மூன்றாவதாக, பொரித்த கோழியை வைத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. அந்தக் கோழி கல்லுக்கே வராது, தனி எண்ணெய்ச் சட்டியில் பொரிகிறது. எண்ணெயில் வேறு எதைப் போடுகிறார் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால் விட்டுவிடுங்கள். சந்தேகத்தோடு தின்கிற பர்கர் ருசிக்காது. கோழிக்குப் பேர்போன கேஎஃப்சி இருக்கவே இருக்கிறது.

“நான் சைவம். எனக்கு ஏதாவது தேறுமா?”

முட்டை சாப்பிடுகிறவர் என்றால் “பென்ஜோ” கேளுங்கள். இறைச்சி இல்லாமல் முட்டையை மட்டும் பொரித்து, அதே சாஸ், அதே முட்டைக்கோசு, வெங்காயம் வைத்துக் கொடுப்பார்கள். பலகையில் எழுதியிருக்காவிட்டாலும் கேட்டால் போட்டுத் தருவார்கள், விலையும் குறைவு. வூஸ்டர் சாஸில் நெத்திலி சேர்வதுண்டு என்பதால் அதை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். கல்லைப் பற்றிய கவலைக்கு மேலே சொன்ன பதிலேதான்.

முட்டையும் கூடாது என்றால் ஒட்டுக்கடை உங்களுக்கானது இல்லை. மயோனைஸிலும் முட்டை இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துச் சைவக் கடைகளிலோ சீனச் சைவ உணவகங்களிலோ சோயா, காய்கறி பேட்டீஸ் வைத்த பர்கர் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

“கடையில ஹலால் சான்றிதழ் ஒட்டலையே. நான் முஸ்லிம், வாங்கலாமா?”

ஜாக்கிம் (மலேசிய அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) ஹலால் சான்று நிறுவனத்துக்கும் பொருளுக்கும் தருவது. சிறு ஒட்டுக்கடைகள் பெரும்பாலும் தனியாக அதற்கு விண்ணப்பிப்பதில்லை. பேட்டீஸ் பாக்கெட்டில் முத்திரை இருக்கும், கேட்டால் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். சாஸ் போத்தல்களிலும் பாருங்கள். கடை நடத்துகிறவரே முஸ்லிமாக இருந்தால் பெரும்பாலோர் அதற்கு மேல் கேட்பதில்லை.

“ரோட்டோரம், புகை, தூசி. வயிறு கெட்டுப்போகாதா?”

மலேசியாவில் உணவைக் கையாள்கிற எல்லாரும் டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், உணவைக் கையாளும் பயிற்சி வகுப்புக்கும் போயிருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள் அப்படித்தான் சொல்கின்றன. சட்டம் இருக்கிறது, கடைக்குக் கடை நடைமுறை மாறுகிறது.

நான் கவனிப்பது இரண்டு இடத்தை. ஒன்று, பேட்டீஸ் எங்கிருந்து வெளியே வருகிறது? பனிக்கட்டி போட்ட பெட்டியிலிருந்து, கல்லுக்குப் போகும் நேரத்தில், இறுகிய நிலையில் வந்தால் நல்லது. கல் பக்கத்திலேயே தட்டில் அடுக்கி, தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் அங்கே வாங்காதீர்கள். இரண்டாவது, மயோனைஸ். அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக நிற்கிற போத்தல் எனக்குப் பயம். காசு வாங்கிய கையாலேயே பன்னை எடுக்கிறாரா என்பதும் உண்டு, ஆனால் இப்போது பாதிப் பேர் கியூஆர் அட்டையில் கட்டிவிடுவதால் அந்தத் தொல்லை குறைந்துவிட்டது.

“எத்தனை மணிக்குப் போனா நல்லா இருக்கும்?”

இரவு ஏழரைக்கு மேல், பத்துக்குள். கல் நன்றாகச் சூடேறியிருக்கும், ஆள் களைத்திருக்க மாட்டார், காய்கறியும் தீர்ந்திருக்காது. நள்ளிரவுக்கு மேல் போனால் மிஞ்சிய பன்தான் கிடைக்கும். மாலையில் பெருமழை பிடித்த நாளில் சிலர் கடையே போடுவதில்லை. போட்டவர்களிடம் அன்றைக்குக் கூட்டம் இருக்காது, நிதானமாகச் செய்து கொடுப்பார்கள். மழை விட்ட இரவில் சாப்பிட்ட பர்கர்கள்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன.

நோன்பு மாதத்தில் நேரம் மாறும். சிலர் பிற்பகலில் ரமலான் சந்தைக்கு வண்டியைக் கொண்டுபோய்விடுவார்கள், சிலர் இரவுத் தொழுகை முடிந்த பிறகே திறப்பார்கள். நோன்புப் பெருநாளை ஒட்டிய ஒரு வாரம் தேடவே வேண்டாம், எல்லாரும் கம்பத்துக்கு, அதாவது சொந்த ஊருக்கு, போயிருப்பார்கள்.

“விலை எவ்வளவு கொடுக்கலாம்?”

சாதாரண கோழி பர்கர் 4, 5 ரிங்கிட், ஸ்பெஷல் 6, 7 ரிங்கிட்டை ஒட்டி இருக்கும். பங்சார் போன்ற இடங்களில் கொஞ்சம் கூடும். விலைப் பலகை இல்லாத கடையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சந்தேகப்படுவதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

“பர்கர் பாக்கார்னு ஒண்ணு சொல்றாங்களே, அது வேறயா?”

வேறுதான். அங்கே பேட்டீஸைக் கரி அடுப்பில், கம்பி வலைமேல் சுடுகிறார்கள். பெரும்பாலும் கடைக்காரரே இறைச்சியை அரைத்து, தடிமனாகப் பிடித்து வைத்திருப்பார். 2010-களின் தொடக்கத்தில் இந்த வகை ஊரையே பிடித்து ஆட்டியது. வங்சா மாஜூவிலிருந்து கிளம்பிய பர்கர் பாக்கார் காவ் காவ் அதில் பெயர் பெற்றது. அந்த அலை இப்போது ஓய்ந்துவிட்டது, தாக்குப்பிடித்து நிற்கிற கடைகள் பெரும்பாலும் நல்லவையே.

இதற்கு மட்டும் மேலே சொன்ன சில சோதனைகள் பொருந்தாது. முட்டையை விட்டுவிடுங்கள், நெருப்பைப் பாருங்கள். கொழுப்பு சொட்டிக் குபீரென்று தீ எழும்பும்போது பேட்டீஸை நகர்த்துகிறாரா, அல்லது படம் எடுக்க வசதியாக எரிய விடுகிறாரா? எரிய விட்டால் வெளியே கரி, உள்ளே பச்சை. ஆட்டிறைச்சியும் வைத்திருந்தால் அதையே வாங்குங்கள், கரிப்புகைக்கு அதுதான் பொருந்துகிறது.

“ஏசி கடையில 20, 25 ரிங்கிட் வாங்கறானே, அந்தக் காசு தகுமா?”

அது வேறு சாப்பாடு, ஒட்டுக்கடையோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் அநியாயம். 2012-இல் பெட்டாலிங் ஜெயாவின் சீ பார்க்கில் தொடங்கிய மைபர்கர்லேப், கரி சேர்த்த கறுப்பு பன்னை வைத்துப் பெயர் வாங்கியது. அந்த மாதிரிக் கடைகளில் நீங்கள் காசு கொடுப்பது புதிதாக அரைத்த இறைச்சிக்கு. அதனால் அங்கே எளிமையான ஒன்றைக் கேளுங்கள். இறைச்சி, சீஸ், பன், அவ்வளவுதான். ஏழெட்டுப் பொருள் அடுக்கியதை வாங்கினால் எதற்குக் காசு கொடுத்தோம் என்றே தெரியாது. பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு நிஞ்ஜா ஜோ மாதிரி அதற்கென்றே கடைகள் இருக்கின்றன.

“ஊர்ல இருந்து அப்பா அம்மா வர்றாங்க. ரோட்டுல நிக்க வைக்க முடியாதே?”

மாமாக் கடையை ஒட்டி நிற்கிற பர்கர் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக், அவர்களுக்குப் பிடித்தால் ஒரு ரொட்டி சானாய் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வண்டியில் பர்கர் வாங்கி வந்து சாப்பிடலாம். பல இடங்களில் இரு தரப்பும் ஒத்துப்போய்விடுவார்கள், ஆனாலும் “அண்ணே, வெளியில வாங்கினதை இங்க வச்சுச் சாப்பிடலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை. பெரியவர்களுக்குக் காரத்தையும் மயோனைஸையும் குறைக்கச் சொல்லி, நடுவே வெட்டித் தரச் சொல்லுங்கள்.

“டெலிவரியில வரவழைச்சா என்ன?”

தாளுக்குள்ளேயே ஆவி பிடித்து பன் கொழகொழவென்று ஆகிவிடும். ஒட்டுக்கடை பர்கரைக் கட்டி வாங்கினாலும் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் பிரித்துவிடுங்கள். வேறு வழியில்லையென்றால் ஏசி கடை பர்கர் பெட்டியில் வருவதால் கொஞ்சம் தாங்கும்.

“ரெண்டு வருஷமா போற கடை. திடீர்னு ருசி மாறிடுச்சு. என்ன காரணமா இருக்கும்?”

முதலில் கல்லுக்கு முன்னால் நிற்பது யார் என்று பாருங்கள். கடை ஓடத் தொடங்கியதும் முதலாளி இரண்டாவது வண்டி போட்டு, பழைய வண்டியில் ஒரு பையனை நிறுத்திவிடுவது வழக்கம். பையன் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும். முதலாளி எந்த நாளில், எந்த வண்டியில் நிற்கிறார் என்று கேட்டுக்கொண்டு அங்கே போங்கள்.

ஆள் மாறவில்லையென்றால் பொருள் மாறியிருக்கும். விலையை ஏற்றாமல் சமாளிக்க பன்னையோ மயோனைஸையோ மலிவானதாக மாற்றுவார்கள். பன் மாறினால் கையிலேயே தெரியும், பிடித்ததும் நொறுங்கும். இதைச் சண்டையாகக் கேட்காமல், “பழைய பன் வர்றதில்லையா பாங்?” என்று கேட்டால் பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். 50 காசு கூடப் போட்டு பழையபடி கொடுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்ததுண்டு. ஒருவர் கேட்டுக்கொண்டார்.

“பாக்கெட் வாங்கி வீட்டுலயே செஞ்சா அந்த ருசி வருமா?”

கிட்டத்தட்ட வரும். பேரங்காடியில் பேட்டீஸும் பன்னும் கிடைக்கின்றன. மெல்லிசான ஒட்டாத சட்டியில் செய்யாதீர்கள், கனமான தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து எண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் போடுங்கள். பேட்டீஸை அரிந்து விரிப்பது, மேகி சீசனிங், வூஸ்டர், மிளகு, முட்டை மடிப்பது எல்லாம் முன்பு சொன்ன வரிசைதான். மயோனைஸும் மிளகாய் சாஸும் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் போட வேண்டும். கடையில் எவ்வளவு பிழிகிறார்கள் என்று ஒருமுறை பார்த்தால் புரியும், பார்த்தபின் வாரத்துக்கு ஒருமுறைதான் சாப்பிடத் தோன்றும்.

“சிங்கப்பூர்ல தம்பி இருக்கான், ரம்லி பாக்கெட் கேட்கிறான். எடுத்துட்டுப் போலாமா?”

எடுத்துப் போகாதீர்கள். சிங்கப்பூருக்குள் இறைச்சி வருவதற்கு அந்த நாடு ஒப்புக்கொண்ட இடங்களிலிருந்து மட்டுமே அனுமதி. ரம்லி பேட்டீஸ் பல ஆண்டுகளாக அதில் சேராமல்தான் இருந்து வந்திருக்கிறது, கடத்தி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. கட்டி வாங்கிய பர்கரும் இறைச்சிக் கணக்கில்தான் வரும். விதிகள் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் சிங்கப்பூர் உணவு அமைப்பின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். தம்பியை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாலம் தாண்டி ஜொகூர் பாருவுக்கு வரச் சொல்லுங்கள். அங்கேயும் செவன் இலெவன் வாசலில் வண்டி நிற்கும்.